ஊசியில்லாமல் நெஞ்சை அளப்பது: டாக்டரம்மா பதில்கள்

நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே இருக்கும் ரத்தத்தையும் நீரையும் மின்சாரத்தால் அளக்கிற சோதனையைப் பற்றிப் பல கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்குகிறேன். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கருவியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவள் நான். அதனால் பதில்களில் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் எரிச்சலும் கலந்தே வரும்.

கேள்வி: அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. கழுத்தின் இரு பக்கமும் விலாவின் இரு பக்கமும் ஸ்டிக்கர்களை ஒட்டி, வயரை ஒரு பெட்டியில் சொருகினார்கள். "உடம்பில் கரண்ட் பாய்ச்சி ரத்தத்தை அளக்கிறோம்" என்று டெக்னீஷியன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் பகீரென்றது. ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் மின்சாரமா டாக்டரம்மா? (ஒரு மகள்)

பதில்: அவர் சொன்னது உண்மைதான் அம்மா. பாதியில் நிறுத்தியதுதான் தவறு. மின்சாரம் போகிறது, ஆனால் ஒன்றிலிருந்து நான்கு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். அதுவும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிற மின்னோட்டம். இந்தக் கருவிகள் பொதுவாக 20 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்கின்றன. வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரம் விநாடிக்கு 50 அல்லது 60 முறை அலைவதோடு சரி. நரம்போ தசையோ தூண்டப்பட வேண்டுமானால், மின்னோட்டம் ஒரே திசையில் சற்று நேரமாவது நிலைத்திருக்க வேண்டும். இவ்வளவு வேகமாகத் திசை மாறினால், இதயத் தசை அதை உணர்வதற்குள் அது எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் அப்பாவுக்கு ஒரு கூச்சம்கூடத் தெரிந்திருக்காது.

ஸ்டிக்கர்கள் ஏன் ஜோடி ஜோடியாக இருந்தன என்று கவனித்தீர்களா? கழுத்தில் மேலே இருப்பதும் விலாவில் கீழே இருப்பதும் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. அவற்றுக்கு உட்பக்கமாக ஒட்டியவை மின்னழுத்தத்தை மட்டும் அளக்கின்றன. ஒரே ஸ்டிக்கரால் இரண்டையும் செய்தால், தோலின் தடை, அதாவது தோல் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, வந்து கணக்கைக் கெடுத்துவிடும். தோலின் தடை நூற்றுக்கணக்கான ஓம். நமக்கு வேண்டிய நெஞ்சின் தடையோ சுமார் 20 முதல் 40 ஓம். அளக்கும் ஸ்டிக்கர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லை என்பதால், தோலின் தடை கணக்கில் சேருவதில்லை.

நெஞ்சுக்குள் எல்லாம் ஒரே மாதிரி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ரத்தம் நன்றாகக் கடத்தும். கொழுப்பும் எலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் அவ்வளவாகக் கடத்தா. ஆகவே நெஞ்சில் ரத்தமோ நீரோ கூடினால் தடை குறையும். குறைந்தால் தடை ஏறும். அடிப்படை இவ்வளவுதான்.

இப்போது அளவைப் பாருங்கள். நெஞ்சின் தடை 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி ஆம்பியர் செலுத்தினால் கிடைக்கும் மின்னழுத்தம் 25 மில்லிவோல்ட். ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனிக்குள் ரத்தம் பாயும்போது அந்தத் தடை குறைவது 0.1 அல்லது 0.2 ஓம். அதாவது மில்லிவோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு! அப்பா ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாலே அதைவிடப் பல மடங்கு மாற்றம் வந்துவிடும். அந்த மூச்சுக்குள் மறைந்திருக்கும் துடிப்பைத் தேடிப் பிடித்து, பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. சோதனையின்போது பேசக்கூடாது, அசையக்கூடாது என்று கறாராகச் சொல்வது இதனால்தான். நலம் விசாரிக்கிறேன் பேர்வழி என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கும் உறவினர்களை நான் வெளியே அனுப்பியதும் இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உள்ளே நடக்கிறது. தடை குறைவதற்குத் தமனி விரிவது மட்டும் காரணமல்ல. சிவப்பணுக்கள் தட்டை வடிவம் கொண்டவை. ஓட்டம் மெதுவாக இருக்கும்போது அவை கண்டபடி கிடக்கும்; இதயம் சுருங்கி ரத்தம் விசையோடு பாயும்போது, வாய்க்காலில் அடித்துச் செல்லப்படும் இலைகளைப் போல ஓட்டத்தின் திசையிலேயே திரும்பிக்கொள்ளும். அப்போது மின்சாரம் அவற்றுக்கு இடையே எளிதாகப் புகுந்து போகிறது. ஆகவே அந்தத் திரையில் ஓடும் அலை, ரத்தத்தின் அளவோடு அதன் வேகத்தையும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: எனக்கு வயது 63. இரண்டு சந்தேகங்கள். போன மாத அறிக்கையில் டி.எஃப்.சி. 42 என்று இருந்தது. இந்த மாதம் 36. ரத்தம் குறைந்துகொண்டே போகிறதா? இரண்டாவது, அதே நாளில் எக்கோ ஸ்கேனில் இதயம் நிமிடத்துக்கு 4.1 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுவதாகச் சொன்னார்கள். இந்தக் கருவி 5.2 என்றது. இரண்டில் எது பொய்? (பயத்தில் இருக்கும் வாசகர்)

பதில்: பயப்பட வேண்டாம் ஐயா. முதல் சந்தேகத்தை ஒரு வகுத்தலிலேயே தீர்த்துவிடலாம். டி.எஃப்.சி. என்பது நெஞ்சில் இருக்கும் மொத்த நீர்மத்தின் குறியீடு. 1000-ஐ நெஞ்சின் தடையால் வகுத்தால் கிடைப்பது அது. 42 என்றால் தடை ஏறக்குறைய 24 ஓம். 36 என்றால் ஏறக்குறைய 28 ஓம். தடை ஏறியிருக்கிறது; அதாவது நெஞ்சில் நீர் குறைந்திருக்கிறது. நீர் மாத்திரை சாப்பிடுவதாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் குறைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். மாறாக, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அந்த எண் ரத்தத்தை மட்டும் எண்ணுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தக் குழாயில் இருப்பது, நுரையீரலில் கசிந்தது, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கியது எல்லாம் அதற்கு ஒன்றுதான். எங்கே நீர் என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் இருக்கின்றன.

அடுத்தது 4.1-ஆ, 5.2-ஆ? இரண்டும் பொய்யில்லை, இரண்டுமே மதிப்பீடுகள். எக்கோவில், இடது கீழறையின் வெளிவாசலின் விட்டத்தை அளந்து அதை வர்க்கமாக்குகிறார்கள். 20 மில்லிமீட்டர் விட்டத்தை 18 என்று அளந்துவிட்டால் போதும், விடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் என்பது திரையில் எவ்வளவு? சுட்டியை அசைப்பவரின் விரல் நடுக்கம் அளவு! ஸ்டிக்கர் கருவிக்கோ உங்கள் உயரம், எடை, நெஞ்சின் நீளம் எல்லாம் சேர்ந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. நெஞ்சை ஓர் உருளையாகவோ கூம்பாகவோ எண்ணிக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. மனித நெஞ்சு உருளையுமல்ல, கூம்புமல்ல.

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. இதயத்தின் வெளியேற்றத்தை அளக்கும் ஒரு புதிய முறை, பழைய நம்பகமான முறையிலிருந்து 30 சதவீதத்துக்குள் விலகினால் ஏற்கலாம் என்று 1999-இல் கிரிட்ச்லி என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். 2010-இல் பெய்ட்டனும் சோங்கும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நெஞ்சின் மின்தடை முறையின் விலகல் 40 சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் பார்த்த மற்ற மூன்று முறைகளும் 30-க்குள் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே 5.2 என்ற எண்ணைச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். அடுத்த மாதம் அதே கருவியில், அதே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, அதேபோல் படுத்துக்கொண்டு எடுத்து, உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். இந்தக் கருவிக்குத் தெரிந்த வேலை அதுதான். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணைக் கேட்டுக்கொண்டு வந்து கவலைப்படுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு ஒட்டிப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குச் சரியாக வராது" என்று உடனே எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. (ஒரு மகன்)

பதில்: எடுத்தவர் விவரம் தெரிந்தவர் தம்பி. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒரு துடிப்பு பெரிதாகவும் மறுதுடிப்பு சிறிதாகவும் வரும். சராசரிக்கு அர்த்தம் இருக்காது. பெருந்தமனி வால்வு கசிந்தால், வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே வந்துவிடும். கருவி போனதை மட்டும் பார்த்து "பேஷ்" என்று கூடுதலாகக் காட்டும். நுரையீரல் உறைக்குள் நிறைய நீர் தேங்கியிருந்தாலும், உடல் மிகவும் பருமனாக இருந்தாலும், ரத்தத்தில் தொற்று பரவி உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தாலும் கணக்கு தடுமாறும். இவற்றில் அம்மாவுக்கு எது என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: நான் செவிலியர். நோயாளி படுத்திருக்கும்போது ஓர் எண், எழுந்து உட்கார்ந்ததும் வேறோர் எண். கருவி பழுது என்று எழுதி வைக்கட்டுமா மேடம்?

பதில்: வேண்டாம். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். நெஞ்சின் தடை ஏறாமல் இருந்தால்தான் நான் கருவியைச் சந்தேகப்படுவேன். உட்காரும்போதும் நடப்பது அதுவே, அளவுதான் குறைவு.

இதை ஒரு சோதனையாகவே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் குறைந்து கிடக்கும் நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றலாமா, ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமா என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் எழும் கேள்வி. ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவருடைய சொந்த ரத்தத்தை வைத்துப் பார்த்துவிடலாம். தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்திருக்கும் கட்டிலை, தலைப்பக்கம் கிடைமட்டமாகத் தாழ்ந்து கால் 45 டிகிரி உயரும்படி சாய்த்தால், காலிலும் வயிற்றிலும் இருந்து ஏறக்குறைய 300 மில்லி ரத்தம் நெஞ்சுக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் துடிப்புக்குத் துடிப்பு வெளியேறும் ரத்தம் 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால், அந்த இதயம் கூடுதல் நீர்மத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். கூடாவிட்டால் டிரிப்ஸ் ஏற்றுவதால் பயன் இருக்காது. பழையபடி சாய்த்துவிட்டால் ரத்தமும் திரும்பிப் போய்விடும், நட்டமொன்றுமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டிலைச் சாய்க்க வேண்டும். நோயாளியின் காலைக் கையால் பிடித்துத் தூக்கக்கூடாது. வலியாலோ திடுக்கிடுவதாலோ இதயம் வேகமெடுத்தால் விடை தவறிவிடும். அடுத்து, ஸ்டிக்கர் கழன்று மறுபடி ஒட்ட நேர்ந்தால் பழைய இடத்திலேயே ஒட்டுங்கள். நான் பேனாவால் தோலில் சுற்றிக் கோடு போட்டுவிடுவேன். ஸ்டிக்கர் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே தடை மாறும். இரவுப் பணியில் இருப்பவர் இடம் மாற்றி ஒட்டிவிட்டு, "காலையிலிருந்து நீர் கூடிவிட்டது" என்று எழுதி வைத்த கதையெல்லாம் உண்டு.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுங்கள். சில பேஸ்மேக்கர்கள், மூச்சு வேகமெடுத்தால் துடிப்பையும் கூட்டும் வகையைச் சேர்ந்தவை. அவை மூச்சை அறிவதும் நெஞ்சின் மின்தடையை வைத்துத்தான். வெளியிலிருந்து வரும் மின்னோட்டத்தை அவை மூச்சு என்று தவறாக எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவரின் இதயத்தை வேகமாக ஓட்டிவிடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி 1998-இலேயே எச்சரித்திருக்கிறது. அந்த வசதியைச் சோதனை நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்க முடியும். சொல்லாமல் போய்ப் படுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். ஈ.சி.ஜி. ஏற்கெனவே இருக்கும்போது இதை யார், எதற்காக உருவாக்கினார்கள்?

பதில்: ஈ.சி.ஜி. இதயம் தானே உண்டாக்கும் மின்சாரத்தைப் பதிவு செய்கிறது. இதில் மின்சாரம் நம்முடையது. நெஞ்சு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறோம். மின்சாரக் கட்டளை சரியாக வந்தும் ரத்தம் போதிய அளவு வெளியேறாத இதயங்கள் உண்டு. அவர்களுடைய ஈ.சி.ஜி. பார்வைக்குப் பெரிய குறையில்லாமல்கூட இருக்கும்.

உடலின் மின்தடையை வைத்து ரத்த அளவின் மாற்றத்தைக் காணும் முயற்சியில் ஜான் நைபோயர் 1940-இலேயே இறங்கினார். இதய வெளியேற்றத்தை அளக்கும் கருவியாக அதை உருவாக்கியவர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கூபிசெக்கும் அவருடைய குழுவினரும், ஆண்டு 1966. பின்னணியில் இருந்தது நாசா. எடையற்ற நிலையில் காலின் ரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறிவிடும்; முகம் உப்பும், கால் மெலியும். விண்வெளி வீரரின் இதயம் அதை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக அவருடைய இதயத்துக்குள் குழாய் விட முடியுமா? அன்று ஸ்டிக்கர் கிடையாது. கழுத்தைச் சுற்றி இரண்டும் மார்பைச் சுற்றி இரண்டுமாக உலோகம் பூசிய பட்டைகளைக் கட்டினார்கள்.

கூபிசெக்கின் சூத்திரத்தில் ரத்தத்தின் மின்தடைத் திறனும் இடம்பெறுகிறது. அது சிவப்பணுக்களின் விகிதத்தைப் பொறுத்தது. ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் இன்னும் எளிதாகக் கடத்தும். பலரும் அதற்கு ஒரே மாறா எண்ணைப் போட்டுக் கணக்கிட்டார்கள். சந்தேகங்கள் அங்கிருந்தே தொடங்கிவிட்டன. பின்னர் ஸ்ராமெக், பெர்ன்ஸ்டைன் ஆகியோர் சூத்திரத்தைத் திருத்தினார்கள். தடையின் அளவை விட்டுவிட்டு, மின்னலையின் ஏற்ற இறக்கம் நேரத்தில் எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்க்கும் கருவிகளும் வந்தன.

மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். லிட்டர் கணக்கில் தகராறு இருந்தாலும், இந்த அலை நேரத்தைக் கச்சிதமாகச் சொல்லும். தடை மாறும் வேகத்தை வரைந்தால் பெருந்தமனி வால்வு திறக்கும் இடத்தில் ஒரு முறிவு, உச்சம், பின்பு வால்வு மூடும் இடத்தில் ஒரு பள்ளம் என்று வரும். திறந்ததிலிருந்து மூடும் வரை ஏறக்குறைய 0.3 விநாடி. இதயம் தளரும்போது மின்கட்டளைக்கும் வால்வு திறப்பதற்கும் இடையிலான நேரம் நீளும்; வால்வு திறந்திருக்கும் நேரம் குறையும். எந்தச் சூத்திரத்தையும் நம்பாமல் பார்க்கக்கூடியது இது. என் கண் முதலில் போவதும் இங்கேதான்.

கேள்வி: வீட்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் உடம்பில் நீர் எவ்வளவு என்று காட்டுகிறதே! அதுவும் இதேதானே? மருத்துவமனைக்கு எதற்கு?

பதில்: தத்துவம் ஒன்று, பாதை வேறு. அதில் மின்னோட்டம் ஒரு பாதத்தில் ஏறி மறுபாதத்தில் இறங்கிவிடுகிறது. நெஞ்சை எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த இயந்திரத்தில் உங்களுக்கு உபயோகமான எண் எடை மட்டுமே. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், நீர் தேங்குகிறது என்று சந்தேகித்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

கேள்வி: நெஞ்சின் நீரை வீட்டிலேயே கண்காணித்து முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி இருந்தால், மருத்துவமனையில் சேரும் நிலையே வராது என்கிறார்களே? (இருமுறை சேர்ந்து வந்தவர்)

பதில்: கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. 2006-இல் வெளியான பிரெடிக்ட் ஆய்வில் 212 நோயாளிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த ஸ்டிக்கர் முறையில் அளந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்பதை அந்த எண்கள் ஓரளவு முன்கூட்டியே காட்டின.

ஆனால் முன்கூட்டித் தெரிவது வேறு, தெரிந்ததால் நன்மை விளைவது வேறு. 2011-இல் டாட்-எச்.எஃப். என்ற ஆய்வு வெளிவந்தது. உடலுக்குள் பொருத்திய கருவி நெஞ்சின் தடையை அளந்து, குறைந்தால் நோயாளிக்கே கேட்கும்படி ஒலி எழுப்பியது. விளைவு என்ன தெரியுமா? ஒலி கேட்ட குழுவினர்தான் இதயச் செயலிழப்புக்காக அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள்! வெளிநோயாளியாக வந்துபோனதும் அவர்களே அதிகம். சளி பிடித்தாலும் நிமோனியா வந்தாலும் நெஞ்சின் தடை குறையும். மணி அடித்தால் மனிதர் பதறுவார். பதறி வந்தவரை மருத்துவர் சேர்த்துக்கொள்ளவே பார்ப்பார்.

அதனால் கருவி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் நல்லது. அந்த எண்ணை நீங்கள் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் வாங்காதீர்கள். ராத்திரி தூக்கம்தான் போகும்.

கேள்வி: சோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டுமா? முடி மழிக்க வேண்டுமா?

பதில்: பட்டினி தேவையில்லை. ஆனால் முதல் முறை சாப்பிட்ட பின் எடுத்திருந்தால் அடுத்த முறையும் அப்படியே எடுங்கள். கழுத்திலும் விலாவிலும் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் தடவிக்கொள்ளாதீர்கள். விலாப் பக்கம் முடி அடர்த்தியாக இருந்தால் ஒட்டுகிற இடத்தில் மட்டும் அவர்களே கத்தரித்துக்கொள்வார்கள். ஸ்டிக்கரின் பசை காய்ந்திருந்தால் வேறு கேளுங்கள். கழற்றிய பிறகு தோல் சிவந்திருந்தால் ஒட்டுப்பசை ஒவ்வவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.